எடைக்கு எடை

பூமி நம்மை இழுப்பது கண்ணுக்குத் தெரியாத துகள்களால்தான் என்று மதராசில் ஆராய்ச்சி செய்துவந்தான் தாமோதரம். “கண்ணுல படாத சரக்கை எவன் வாங்குவான்?” என்பார் அவன் அப்பா, வெல்ல வியாபாரி முனிரத்தினம்.

1943இல் மகனுக்கு டைபாய்டு. பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் என்று திருத்தணி முருகனிடம் பேசினார். பிழைக்கவில்லை. ஆனாலும் வியாபாரி பேசின பேச்சு மாறலாமா? துலாபாரத் தட்டில் மகனின் ஆராய்ச்சி நோட்டை வைத்தார்.

“இதுக்கு ஒரு அச்சு வெல்லம் போதுமே” என்றார் குருக்கள்.

எதிர்த்தட்டில் நான்கு மணங்கு வெல்லம் ஏறிய பிறகுதான் தட்டுகள் சமமாயின. காய்ச்சலுக்கு முன் தாமோதரத்தின் எடை அது.

குருக்கள் ஒரு கையால் நோட்டை எடுத்தார். தட்டு மேலே எழவில்லை.

“அடுத்தவர் காத்திருக்கார்.”

முனிரத்தினம் காலித் தட்டின் அருகே உட்கார்ந்தார். “கொஞ்சம் இருங்க சாமி. இப்பத்தானே வந்து உக்காந்துகினு இருக்கான்.”