ஞானத்தகப்பன் கேட்ட கேள்வி

"அவனெல்லாம் ஒரு ஞானத்தகப்பனா? கைக்குழந்தையா இருந்த உன்னை சர்ச்சுல ஏந்திக்கிட்டு நின்னவன்தானே அவன்?"

தொம்மலூர் ஆபீஸ் வாசலில் காத்திருந்த லூர்துமேரி, மகளின் முகத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, மெதுவா."

"என்னடி மெதுவா? 'லாயிட் அங்க மேனேஜர், கிரேஸுக்கு வேலை கிடைச்ச மாதிரிதான்'னு நம்ம ஊரு தங்கவயலே பேசுது. அப்படி என்னதான் கேட்டான்?"

கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்டர்வியூவில் கேள்வி கேட்க நாலு பேர். மூன்று பேர் ஆளுக்கு இரண்டு கேள்வியோடு விட்டுவிட்டார்கள். லாயிட் விடவில்லை. "சர்வர் நின்னு போச்சு, கஸ்டமர் கத்தறார். என்ன செய்வீங்க?" சொன்னாள். "அது புக்ல இருக்கிற பதில். நீங்க என்ன செய்வீங்க?" முக்கால் மணி நேரம். யாரோ எவரோ மாதிரி 'நீங்க' வேறு.

"தண்ணி குடிக்கக்கூட விடலம்மா."

"அப்பா இல்லாத பொண்ணு. காண்ட்ராக்ட் வேலைக்கு தினம் விடியறதுக்குள்ள ரயில் பிடிச்சு ஓடுது. ஒரு பெர்மனென்ட் வேலைக்கு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவான்? கிறிஸ்துமஸுக்கு வரட்டும், கேட்டைத் திறக்கிறேனா பாரு!"

பத்தாம் நாள் ஆர்டர் வந்தது. லூர்துமேரி அழுதாள், சிரித்தாள். கோபம் மட்டும் போகவில்லை.

"உன் திறமைக்குக் கிடைச்சதுடி. அவனுக்கு தேங்க்ஸ் கீங்க்ஸ் சொல்லிட்டு நிக்காத."

வேலையில் சேர்ந்த அன்று மதியம். கேன்டீனில் கிரேஸ் உட்கார்ந்ததும், அடுத்த மேஜையில் இருந்த வெங்கி பக்கத்தில் இருந்தவனிடம் சத்தமாகவே சொன்னான்.

"நம்ம ஷோபா மூணு தடவை அப்ளை பண்ணா, கிடைக்கல. காட்ஃபாதர் வேணும் குரு! அதுவும் சர்ச்சுலயே வெச்ச காட்ஃபாதர்னா கேக்கணுமா?"

கிரேஸ் டிபன் பாக்ஸை மூடினாள்.

"வெங்கி," எச்.ஆர். மைதிலி தட்டோடு வந்து நின்றாள். "அந்த இன்டர்வியூல நானும் இருந்தேன். மார்க் போட்டது மூணு பேர்தான். மார்க் ஷீட்ல லாயிட் சார் கட்டம் காலி. 'இது என் ஞானமகள், நான் மார்க் போட மாட்டேன், கேள்வி மட்டும் கேக்கறேன்'னு முதல்லயே சொல்லிட்டார்."

வெங்கி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

கிரேஸ் மெல்லக் கேட்டாள். "அப்ப என்னை மட்டும் எதுக்கு மேடம் அப்படி வறுத்து எடுத்தார்?"

"நீ வெளிய போனதும் நானும் அதைத்தான் கேட்டேன். 'ஞானஸ்நானத்துல ஃபாதர் கேட்ட கேள்விக்கெல்லாம் இவளுக்காக நான்தான் பதில் சொன்னேன். அப்ப இவளுக்குப் பேச்சு வரல. இப்ப நல்லாவே வருது, அதை நீங்க எல்லாரும் காதால கேக்கணும்னுதான்'னார்."