வெளுத்த கூடம்

சென்னம்மாளுக்குக் கண் சரியில்லை என்று மாதவராஜ் தீர்ப்பே எழுதிவிட்டான்.

பின்னே என்ன? பாப்பாரப்பட்டியில் அந்தம்மா கட்டப் போகும் வீட்டின் கூடத்தை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவது அவன் வேலை. மூன்று தடவை காட்டியாயிற்று. மூன்று தடவையும் ஒரே பேச்சு. "வெளுப்பா இருக்குது தம்பி." போன மாசம்தான் கண்ணில் புரை எடுத்த ஆள் வேறு.

இன்றைக்குத் தன் அண்ணன் கிருஷ்ணப்பனையும் கூட்டி வந்திருந்தார். சரிப்பட்டு வரலைன்னா சேலத்து ஆளுக்கே கொடுத்துடலாம் என்று அந்த அண்ணன் மாடிப்படி ஏறும்போதே சொன்னது மாதவராஜ் காதில் விழுந்தது. அதியமான்கோட்டையில் கடை போட்ட எட்டு மாசத்தில் வந்த முதல் பெரிய வேலை அது.

அவனும் சும்மா இருக்கவில்லை. முதலில் படத்துக்குள் கல்யாண வீடு மாதிரி பன்னிரண்டு விளக்கு போட்டிருந்தான். நாலு பக்கமும் வெளிச்சம் அடித்தால் நிழல் எங்கே போய் ஒண்டும்? நிழல் இல்லாத சோபா அந்தரத்தில் மிதந்தது. இது புரியவே அவனுக்கு இரண்டு வாரம் பிடித்தது. பதினொன்றைப் பிடுங்கிப் போட்டு, ஒரு தொங்கு விளக்கையும் கிழக்கு ஜன்னல் வெயிலையும் மட்டும் விட்டான்.

அப்பவும் படம் சாம்பல் பூத்தே கிடந்தது. அவனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒத்துக்கொண்டால் 'நிபுணர்' என்று போர்டு எழுதியது என்னாவது?

படத்தைப் போனில் பார்த்த கூட்டாளி தமிழ்ச்செல்வன், நல்லாத்தானே இருக்குது என்றான். போன்ல எல்லாம் நல்லாத்தான் தெரியும், என் ஸ்கிரீன்ல பாரு, அதுதான் அசல் என்று மாதவராஜ் அவன் வாயை அடைத்தான். ஸ்கிரீன் மேல் அத்தனை பெருமை. ஹைவே தூசிக்கு தினமும் துடைப்பான். ஒரு கீறல் கிடையாது.

கிருஷ்ணப்பன் குனிந்து பார்த்தார். "என்னப்பா, கஞ்சித்தண்ணி ஊத்தின மாதிரி இருக்குது?"

மாதவராஜ் துணியை எடுத்து ஸ்கிரீனை இன்னொரு தடவை துடைத்தான்.

சென்னம்மாள் மூக்கு இடிக்கிற அளவுக்கு ஸ்கிரீன்கிட்டே போய்ப் பார்த்தார். அப்புறம் அண்ணனை டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார். கீழே வண்டியில் மஞ்சப்பையில் ஜன்னல் துணி சாம்பிள் இருக்கு, எடுத்துட்டு வா என்று மாதவராஜையும் அனுப்பினார்.

இருவரும் மேலே வந்தால், படத்தில் ஜன்னல் வெயில் தரையில் கத்தரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. சோபாவுக்கு அடியில் நிழல். தேக்குக் கதவு தேக்காகவே நின்றது.

"இது படம்" என்றார் கிருஷ்ணப்பன்.

மாதவராஜ் திகைத்தது ஒரு நொடிதான். கம்ப்யூட்டர் வேலையை முடிச்சு வர நேரமாகுங்க, அதுக்குள்ள ஆளாளுக்குப் பேசினா எப்படிங்க என்று தொடங்கி, வெளிச்சம் நிழல் என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தான். சென்னம்மாள் டீயை ஊதிக்கொண்டே அத்தனைக்கும் தலையாட்டினார். முழு வீட்டு வேலையும் அவனுக்கே என்று முடிவாயிற்று.

அண்ணன் வண்டியை எடுக்க இறங்கினார். சென்னம்மாள் பையிலிருந்து மடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்து மாதவராஜ் கையில் வைத்தார். ஸ்கிரீன் வாங்கி வந்தபோது அதன்மேல் ஒட்டியிருந்த தாள். எட்டு மாசமாக அவன் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றியது அதைத்தான்.

"அண்ணங்கிட்ட சொல்லலை தம்பி" என்றார் மெதுவாக. "என் கண்ணுலயும் இப்படித்தான் ஒண்ணு இருந்துச்சு. எனக்கு டாக்டரு எடுத்துவிட்டாரு. உனக்கு நான் எடுத்துவிட்டேன்."