காவலாளியின் ஒரே வசனம்

"உலகத்துல இதுவரைக்கும் பொறந்த முட்டாள்லயே பெரிய முட்டாள் நான்தான்" என்று கையில் சங்கிலியோடு நின்றவன் அறிவித்தான். மரண தண்டனைக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

சங்கிலி பழைய சைக்கிளுடையது. தொழிற்சாலை ஆண்டு விழா நாடகத்துக்கான ஒத்திகையில் அவன் அரண்மனைக் காவலாளி. மற்ற நேரத்தில் லேத் இயந்திரம் ஓட்டுபவன், வேலை இன்னும் நிரந்தரமாகாதவன்.

"ராஜாவே கொலை பண்ணியிருக்கான். சபை மொத்தமும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்குது. இந்தக் காவலாளி மட்டும் 'நான் பார்த்தேன்'னு சொல்லித் தலையைக் குடுக்கிறான். சொன்னா செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா? இது வீரம் இல்லக்கா, கொழுப்பு."

திரை ஓரம் வசன நோட்டோடு உட்கார்ந்திருந்த பேக்கிங் பிரிவு அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "முதல்ல அந்த ரெண்டு வார்த்தையை மனப்பாடம் பண்ணுடா. தினமும் நான்தான் எடுத்துக் குடுக்க வேண்டியிருக்கு."

ராஜா மேடையேறினார். நிஜத்தில் சூப்பர்வைசர், முதலாளிக்கு மைத்துனர். வேலை நேரத்திலும் அதே நடைதான். லேத்காரன் நிரந்தரமாவதற்கான தாள் ஒரு வாரமாக அவர் கையெழுத்துக்காக மேஜையில் காத்துக் கிடந்தது.

"கண்டவர் எவரேனும் உண்டோ?"

காவலாளி திருதிருவென்று விழித்தான். அக்கா எடுத்துக் கொடுப்பதற்குள் ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டே வார்த்தை, எருமை! லேத்துலயும் இப்படித்தான் தூங்குறியா?"

தகரக் கிரீடத்தைக் கழற்றி அவன்மேல் வீசினார். அவன் குனிந்தான். பின்னால் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த முதலாளியின் அப்பாவுக்குக் குனியும் வசதி இல்லை. படத்தின் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது.

சத்தம் கேட்டு முதலாளியே ஓடி வந்தார். அதற்குள் கிரீடம் மறுபடி ராஜாவின் தலைக்கு ஏறியிருந்தது. ஒரு முனை மட்டும் மடங்கியிருந்தது.

"யார்றா உடைச்சது?"

"இந்தம்மாதான் மாமா" என்று ராஜா அக்காவைக் காட்டினார். "ஸ்டூலைத் தூக்கிட்டுப் போறேன்னு இடிச்சிருச்சு. பாத்துப் போன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்."

"சார், நான் உக்காந்த எடத்தை விட்டு..."

"வாயை மூடு! பதினோரு வருஷம் சோறு போட்டவர் மூஞ்சியையே உடைச்சிட்டு பேச்சு வேறயா? நாளைலேருந்து வேலைக்கு வராதே" என்றார் முதலாளி.

ஒப்புக்குச் சபையையும் ஒருமுறை பார்த்தார். "வேற யாராவது பாத்தீங்களா?"

மந்திரி ஒட்டுத்தாடியை அழுத்திக்கொண்டார். சேனாதிபதி செருப்பைத் தேடினார்.

"இவனுங்க என்னத்தைப் பாத்திருக்கப் போறானுங்க" என்றார் ராஜா. முதலாளியின் முதுகுக்குப் பின்னால், காவலாளிக்கு மட்டும் தெரியும்படி, காற்றில் இல்லாத ஒரு தாளைப் பிடித்து இரண்டாகக் கிழித்துக் காட்டினார்.

அவன் வழக்கம்போலத் திரை ஓரம் திரும்பினான். அக்கா நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுக்க இனி ஆளில்லை.

"நான் பாத்தேன்."