பாதியில் எழுந்து போனவள்

அப்பம் வாங்கக் கை நீட்ட வேண்டிய நேரத்தில், ஜெபக்கனி சட்டென்று எழுந்து சபைக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டாள்.

திருவிருந்தை விட்டு அப்படி எழுந்து போனவர்களைத் தாராவியின் அந்தத் தமிழ்ச் சபையில் யாரும் பார்த்ததில்லை.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அய்யாத்துரைக்கு முகம் வெந்துபோனது. அவர் சபை மூப்பர். அதைவிட, அவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை.

அப்பத்தை வாயில் போட்டபோதும் அவர் கண் வாசலில்தான் இருந்தது. உடம்புக்கு முடியவில்லையோ? நிமிர்ந்துதானே நடந்தாள். அப்படியென்றால் திமிர். கடைசி ஜெபம் அவர் காதில் ஏறவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போனார். என் தங்கை என்று பார்க்க வேண்டாம், கர்த்தருடைய பந்தியை அவமதித்தவள் சபை முன்னால் மன்னிப்புக் கேட்கட்டும் என்றார். என்ன விஷயம் என்று முதலில் அவளிடமே கேளுங்கள் என்றார் பாஸ்டர்.

நேரே அவள் வீட்டுக்கு நடந்தார். அவள் புருஷன் மட்டும் இருந்தான். மத்தியானத்துக்கு வைத்திருந்த கறிக்குழம்பை டப்பாவில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம். எங்கே என்று சொல்லவில்லையாம். போனையும் எடுக்கவில்லை.

அய்யாத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. தன் வீட்டுக்குப் போவதும், திரும்ப அவள் சந்துக்கு வருவதுமாக இருந்தார்.

சாயங்காலம்தான் வந்தாள். கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"எங்கட்டி போன? கர்த்தரோட பந்திய விடப் பெரிய சோலி என்ன?"

"விக்ரோலிக்குண்ணே. எட்வின் வீட்டுக்கு."

எட்வின் அவர்களுடைய தம்பி. சாதனா என்ற மராத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அண்ணனும் அக்காளும் சேர்ந்துதான் கதவைச் சாத்தினார்கள். அதன்பிறகு போக்குவரத்தே இல்லை.

"இன்னைக்குக் கோயில்ல வேதபாடம் வாசிச்சது நீங்கதானண்ணே? கூடப்பிறந்தவனுக்கு நம்ம மேல மனத்தாங்கல் இருந்தா, மொதல்ல போய் அவன்கிட்ட சமாதானமாகிட்டு வரணும்னு. அதக் கேட்டப்புறம் எனக்குக் கை நீட்ட முடியல."

சாதனாதான் கதவைத் திறந்தாளாம். இவள் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாளாம். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

அய்யாத்துரை அவள் கையிலிருந்த காலி டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"என்னையக் கேட்டானா?"

"கேட்டான். அண்ணன் வரலியான்னு எனக்குப் பின்னால எட்டி எட்டிப் பாத்தான்."

"நீ என்ன சொன்ன?"

"அண்ணன் கோயில்ல திருவிருந்து எடுத்துக்கிட்டு இருக்காவன்னு சொன்னேன்."