சங்கிலியில் இரண்டு பூட்டு

மச்சானின் பூட்டை அறுத்துவிடுவது என்று முடிவு செய்து, இரும்பறுக்கும் ரம்பத்தோடு கொட்டகைக்குள் குனிந்திருந்தேன்.

காலை பத்து மணி. மதியம் என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். இடுப்பெலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருக்கும் தாழ்வான கட்டிலில் படுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தலைமாட்டை ஏற்றி இறக்கக் கைப்பிடி வைத்த இரும்புக் கட்டில் ஒன்றை வாடகைக்குப் பேசி வைத்திருந்தேன். அது பன்னிரண்டு மணிக்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

வருகிறேன் என்று சொன்ன வேன்காரர் ஒன்பதரைக்கு போனை அணைத்துவிட்டார். என் காருக்குள் அந்தக் கட்டிலின் கால்மாடுகூட நுழையாது.

மிச்சம் இருந்தது டிரெய்லர்தான். காரின் பின்னால் மாட்டி இழுக்கிற குட்டி வண்டி, இரண்டே சக்கரம்.

நான் சோபா தைக்கிறவன், மச்சான் பெயிண்டர். என் மனைவிக்கு அண்ணன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குச் சிநேகிதன். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. சோபா போகாத நாளில் ஏணியும் பெயிண்ட் வாளியும் போகும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள கொட்டகைக்குக் கதவு கிடையாது. அதனால் சக்கரங்களின் ஓட்டைகளுக்குள்ளும், பின்னால் மாட்டியிருக்கும் ஸ்டெப்னிக்குள்ளும் சங்கிலியை விட்டு, தரையில் காங்கிரீட் போட்டுப் புதைத்த குழாயைச் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பூட்டுவோம். ஒரே பூட்டு, ஆளுக்கொரு சாவி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் பார்த்தால் சங்கிலி தரையில் கிடந்தது. பூட்டு வாயைத் திறந்தபடி பக்கத்தில். திருடனிடம் கொக்கி வைத்த வண்டி இல்லை போலிருக்கிறது; டிரெய்லரை விட்டுவிட்டு ஸ்டெப்னியை மட்டும் உருட்டிக்கொண்டு போயிருந்தான்.

மச்சானின் வேலையாட்கள் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் வைத்தே சொன்னேன்.

"பூட்டக்கூடத் தெரியாத ஆளோட என்னய்யா கூட்டு?"

அவன் கையிலிருந்த பிரஷ்ஷை வாளியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

பேச்சு அன்றோடு நின்றது.

நான் ஒரு புதுப் பூட்டு வாங்கி மாட்டினேன். மறுநாள் அதன் பக்கத்திலேயே அவனுடையதும் ஒன்று தொங்கியது. ஒன்றைத் திறந்தாலும் மற்றது சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். வண்டி வேண்டுமென்றால் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். நான் கேட்பதாவது. வேலைக்கு வேன் பிடித்துக்கொண்டேன். அவனும் யாருடைய வண்டியையோ பிடித்துக்கொண்டான். மூன்று வருடமாக அவன் பூட்டின் மேல் என் விரல் பட்டதில்லை.

தங்கையைப் பார்க்க அவன் ஆஸ்பத்திரிக்கு வருவதுகூட நான் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத்தான்.

வேனுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று நேற்று மனைவியிடம் சொன்னபோது, ஊசி ஏறிய கையைத் தூக்க முடியாமல் கண்ணாலேயே முறைத்தாள்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா உங்க கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

என் பூட்டைத் திறந்து கழற்றினேன். அவனுடையதை இடது கையில் பிடித்து ரம்பத்தை வைத்தேன்.

இழுக்கவில்லை. அதற்குள் பூட்டு கையோடு வந்துவிட்டது.

உடைந்துவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். உடையவில்லை. வளையத்தின் நுனி ஓட்டைக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. பார்வைக்குப் பூட்டினது மாதிரியே இருக்கும். ஓர் அமுக்கு அமுக்கினால் போதும், பூட்டிக்கொள்ளும். அமுக்கவே இல்லை. நுனியில் கடையில் தடவிக் கொடுத்த கிரீஸ்கூட அப்படியே இருந்தது.

அப்புறம்தான் டயர்களைப் பார்த்தேன். மூன்று வருடமாக ஓடாத வண்டி. அழுத்திப் பார்த்தால் காற்று கல் மாதிரி நின்றது.

ரம்பத்தைக் காருக்குள், சீட்டுக்கு அடியில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் ஒளித்துத்தான் வைத்தேன்.

கட்டில் பதினொன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தது. மதியம் மனைவியை அழைத்துவந்து படுக்கவைத்து, கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை உயர்த்தினேன். எதில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அண்ணன் கொடுத்தாரா என்றாள். கொடுத்துவிட்டான் என்றேன். அது பொய்யில்லை.

சாயங்காலம் டிரெய்லரைக் கொட்டகையில் விட்டு, சங்கிலியைச் சுற்றினேன். அவன் பூட்டை அவன் வைத்திருந்த மாதிரியே, அமுக்காமல் தொங்கவிட்டேன். பக்கத்தில் என் பூட்டையும் அமுக்காமல் தொங்கவிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பூட்டிவிடுவேன் என்று பயம்.

காலையில் பல்கூட விளக்காமல் ஓடினேன். டிரெய்லர் நின்றது.

என் பூட்டு திறந்தபடியே தொங்கியது. அவன் பூட்டு பூட்டியிருந்தது.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மச்சான் எனக்குப் பின்னால் நின்றான். காதோரம் நரைத்துவிட்டது. கண்ணில் மட்டும் பழைய குறும்பு.

"மாப்ள, பூட்டக்கூடத் தெரியாதா உனக்கு?"

ஸ்டெப்னி போனதற்கு முந்தின நாள் ஒரு சோபாவை இறக்கிவிட்டுக் கடைசியாக வண்டியை நிறுத்தியவன் நான். அது அந்த வாரமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை.

"தெரியாது மச்சான்," என்றேன். "அன்னைக்கும் பூட்டாம விட்டது நான்தான்."

"தெரியும்," என்றான், ஏணியை டிரெய்லருக்குள் இறக்கிக்கொண்டே.