பால் பொங்கவிடாத வீடு

விருதுநகரிலிருந்து நாக்பூருக்கு மாற்றலாகி வந்த சிவநேசன், அங்கே பேசும் வீடு ஒன்றை வாங்கிவிட்டான். சாமான் லாரி வாசலில் நின்றது. உள்ளே அவன் மனைவி வடிவு மூன்றாம் முறையாகப் பால் காய்ச்சினாள். நுரை விளிம்பைத் தொட்டதும் வீடு அடுப்பை அணைத்தது.

"பால் வீணாகப் போயிருக்கும். காப்பாற்றிவிட்டேன்" என்றது வீடு, பெருமையாக.

"பால் பொங்காத வீட்டுல ஒரு பெட்டியக்கூட இறக்க விடமாட்டேன்" என்றாள் வடிவு. "இப்பவே ஊருக்குக் கிளம்புங்க."

சேமிப்பையெல்லாம் இந்தச் சுவர்களில் கொட்டியிருந்த சிவநேசன் கூரையைப் பார்த்துக் கும்பிட்டான். "தாயே, பொங்கி வழிஞ்சாத்தான் வீட்டுக்கு நல்லது."

வீடு யோசித்தது. "வீட்டுக்கா? அதாவது, எனக்கா?"

"உனக்கேதான்!"

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?"

அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது. பால் பொங்கி வழிந்தது. வீடு அதோடு நிற்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டி பொங்கியது, குளியலறை பொங்கியது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் பொங்கிப் படி வழியாகக் கூடத்துக்கு இறங்கியது.

கணுக்காலளவு தண்ணீரில் சிவநேசன் தலையில் கைவைத்து நின்றான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்ட வடிவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன மனசுங்க இந்த வீட்டுக்கு! பெட்டிய இறக்கச் சொல்லுங்க."