அகலம் ஒன்று

எல்லாரும் சௌக்கியமா? கை கால் வலியெல்லாம் தேவலையா? வடிவின் கதையைக் கேளுங்கள். ஈர்ப்பு விதியைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், அண்டத்தின் இரண்டு மூலைகளை இணைக்கும் புழுத்துளை முட்டுக் கொடுக்காமலே மூடாமல் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவள் அவள். பாராட்டு விழாவில் போர்த்திய பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தாள். விழாவுக்காகக் காலையிலேயே ஊரிலிருந்து வந்திருந்த தங்கை கோமு, சக்கர நாற்காலியில் இருந்தபடி கேட்டாள்.

"யக்கா, அந்தத் துளைக்குள்ள என் வண்டி போகுமா?"

"தாராளமாப் போகும்டீ."

"அகலம் எவ்வளவு?"

"ஒன்னு."

"ஒன்னுன்னா? ஒரு அடியா, ஒரு மைலா?"

"கணக்குக்குச் சுளுவா இருக்கும்னு ஒன்னுன்னு வச்சுக்கிடுவோம். எல்லாரும் அப்படித்தான்."

"நல்லா வச்சே போ! கதவு போடுத ஆசாரி இப்படிச் சொன்னா விடுவியா?" கோமு குலுங்கிச் சிரித்தாள்.

வடிவும் சிரித்துக்கொண்டே மோரை நீட்டினாள். கோமு வாங்கவில்லை. காலையில் கொடுத்த காப்பியும் ஆடை படிந்து மேசையில் அப்படியே இருந்தது.

"ஏன்டீ, பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலையா?"

"தாகமில்லக்கா. ஊருக்குப் போயிக் குடிச்சுக்கிடுதேன்."

சொல்லும்போது கோமுவின் பார்வை கழிப்பறைக் கதவைத் தொட்டுத் திரும்பியது. வடிவுக்கு முகம் சுட்டது. அவளே நின்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. பொன்னாடையை உருவி அந்தக் கதவு நிலைக்குக் குறுக்கே பிடித்தாள். அகலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். அதை நாற்காலியோடு வைத்து அளந்து பார்க்கத்தான் கை வரவில்லை.

உங்கள் வீட்டுக் கதவு எவ்வளவு அகலம்? அளந்து பார்த்து ஒரு வரி எழுதுங்கள்.